சாவிக்கொத்து

மீட்டர் கத்தியபோது அவள் கண்டெய்னரின் வாயில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் படம். கதவு வரை நிரம்பிய பழைய இரும்பு. நசுங்கிய பைப்புகள், முறுக்கிய கம்பிகள், வெட்டிய தகடுகள். ஷார்ஜாவிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற சரக்கு. கதிர்வீச்சு இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்தால்தான் கப்பல் ஏறும்.

காலையிலிருந்து நான்கு பக்கமும் அளந்தாகிவிட்டது. எல்லாம் சுத்தம். சான்றிதழில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இப்போது கத்துகிறது.

ஏழு வருடமாக அந்த மீட்டரைச் சுமக்கிறாள். பயிற்சி வகுப்பைத் தவிர வேறெங்கும் இந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

"எல்லாரும் கேட்டுக்கு வெளிய போங்க! ஓடுங்க!"

இந்தியிலும் கத்தினாள். ஆட்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

மேஸ்திரி பூமிராஜ் மட்டும் ஓடவில்லை. கதவில் மாட்டவேண்டிய முத்திரைப் பூட்டோடு அப்போதுதான் வந்தவர், அவள் பின்னாலேயே நின்றார். முதுகுளத்தூர் பக்கத்துக்காரர். அவள் இந்த இரும்பு யார்டுக்குக் கடைசியாக வந்து ஒரு மாதம் ஆகிறது.

"நீங்களும் வாங்க மேடம். உங்கள விட்டுட்டு எப்படிப் போறது?"

இருவரும் வேகமாக நடந்தார்கள்.

பத்தடி. இருபதடி. ஐம்பதடி.

மீட்டரில் எண் இறங்க வேண்டும்.

இறங்கவில்லை.

அவள் நின்றாள். அவர் இரண்டடி முன்னால் போனார். சத்தம் தணிந்தது. "என்ன மேடம்?" என்று திரும்பி வந்தார். ஏறியது.

மீட்டரை அவர் இடுப்புப் பக்கம் நீட்டினாள்.

"அண்ணே, பேன்ட் பையில என்ன வச்சிருக்கீங்க?"

"ரூம் சாவிதான்."

"எடுத்துக் கீழ போடுங்க. போட்டுட்டு இந்தப் பக்கம் ஓடி வாங்க."

போட்டார். மணலில் விழுந்தது. இரண்டு சாவிகள். அவற்றோடு, கம்பி சுற்றி மாட்டிய ஒரு சின்ன உருண்டைத் துண்டு. பென்சில் முனை அளவு. வெள்ளி போலப் பளபளத்தது.

தூரத்தில் லாரிக்குப் பின்னால் போய் நின்றபோது மீட்டர் அடங்கியது.

"மூணு வாரம் ஆச்சு மேடம். ஏதோ மிஷின உடைச்சப்ப விழுந்துச்சு. துருவே இல்ல. பாக்க அழகா இருந்துச்சுன்னு மாட்டிக்கிட்டேன்."

அவர் கை தன்னையறியாமல் வலது தொடையைத் தேய்த்தது.

"அங்க என்ன?"

"சூட்டுக்கட்டி. ரெண்டு வாரமா எரியுது. இந்த ஊரு வெயிலு அப்படி."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவசர எண்ணுக்கு அழைத்தாள். யார்டின் பெயரைச் சொன்னாள். மீட்டரில் கண்ட எண்ணைச் சொன்னாள். மறுமுனை அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னது. திருப்பிச் சொன்னாள்.

பிறகு அவரை உட்காரவைத்துச் சொன்னாள். அது கதிர்வீச்சை உமிழும் துண்டு என்று. அந்தக் கட்டி வெயிலால் வந்ததல்ல, அந்தத் துண்டு சுட்ட புண் என்று.

அவர் தொடையைப் பார்க்கவில்லை. மணலில் கிடந்த சாவியையும் பார்க்கவில்லை. எழுந்து நின்றார்.

"ரெண்டு துண்டு விழுந்துச்சு மேடம்."

"இன்னொன்னு எங்க?"

"ஊருக்கு. நம்ம ரூம்காரர் போனாரு, அவர்கிட்டக் குடுத்துவிட்டேன். எம் பொண்ணுக்கு. ஸ்கூல் பையில மாட்டிக்க."

அவள் அவருடைய போனைப் பிடுங்கினாள். பூட்டியிருந்தது. அவரே வாங்கி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, இந்நேரத்துல கூப்பிடுறிய?" மனைவி வள்ளிமயிலின் குரல். "வேலைக்குப் போகலையா?"

"ஏ புள்ள, பாப்பாவுக்குக் குடுத்துவிட்டேனே வெள்ளியாட்டம் ஒரு துண்டு. அது எங்க?"

"பையிலதான் தொங்குது. கழட்ட விடமாட்டேங்குறா. ராத்திரி தலமாட்டுல பையை வச்சுக்கிட்டுத்தான் தூங்குறா. வகுப்புல பிள்ளைக எல்லாம் தொட்டுத் தொட்டுப் பாக்குதுகளாம். அப்படி ஒரு பெருமை."

பூமிராஜ் போனை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் குனிந்து பேசினாள்.

"அக்கா, நான் அவர்கூட வேலை பாக்குறவ. நல்லாக் கேட்டுக்கங்க. பாப்பா இப்ப எங்க?"

"ஸ்கூல்லதான். வீட்டுக்கு எதிர்த்தாப்புலதாங்க ஸ்கூலு. என்ன ஆச்சு? அவருக்கு ஒண்ணுமில்லையே?"

"அந்தப் பையை யாரும் தொடக் கூடாதுக்கா. அது..."

போனில் மணியடித்தது. பள்ளிக்கூட மணி. அங்கே மணி பத்தே முக்கால். உடனே பிள்ளைகளின் இரைச்சல், மழை இறங்கியது போல.

"கொஞ்சம் இருங்க, ஒண்ணும் விளங்கல. இன்ட்ரவெல் விட்டாக. இந்தா, ஸ்கூல் வாசல்ல நிக்கிறா. நீங்களே அவகிட்டக் கேளுங்க."

போனை எதன் மேலோ வைக்கிற சத்தம். விலகிப் போகும் குரல்.

"ஏய் தர்ஷிகா! அப்பா போன்ல இருக்காரு! ஓடியா!"

பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவள் போல:

"பையையும் எடுத்துக்கிட்டு வா!"

"வேணாம்!" என்று பூமிராஜ் கத்தினார். "வேணாம்! வள்ளி! ஏ வள்ளி!"

அவளும் கத்தினாள். வெளியே கேட்டருகே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போனில் யாரும் இல்லை.

இரைச்சலுக்கு நடுவே, சின்னச் செருப்புகள் தெருவைக் கடந்து ஓடி வருகிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.