விருமன் செய்த கத்தி

பட்டாளத்துக்காரர்கள் போர்முனையில் தங்கள் கையாலேயே அடித்துச் செய்த கத்திகளைச் சேர்ப்பதில் ஜவுளிக்கடை அப்துல் வஹீதுக்குத் தீராத பிரியம். நாற்பத்தாறில், பர்மாச் சண்டையிலிருந்து திரும்பிய மொக்கையன் ஒன்றை விற்றான். லாரியின் வில்பட்டையில் அடித்த அலகு. உடைந்த விமானத்தின் பிளாஸ்டிக் கண்ணாடியில் கடைந்த கைப்பிடி. அதற்குள் ஒரு பெண்ணின் படம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வஹீது அதை எடுத்துக் காட்டுவார்.

பேரையூர் ஒச்சாயி, தன் மகளுக்குப் பாவாடைத் துணி எடுக்க வந்தபோதும் காட்டினார். படத்தில் இருந்தது ஒச்சாயிதான்.

“எங்க வீட்டுக்காரரு விருமன் செஞ்சது பாய் இது. காச்சல்ல செத்தாரு, கத்தியோடவே புதைச்சிட்டோம்னு மொக்கையண்ணன் சொன்னாரே.”

வஹீது உடனே, மொக்கையன் குடியிருந்த ஆரப்பாளையத்துக்கு ஆள் அனுப்பி அவனை வரவழைத்தார். ஒச்சாயி கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“எங்க புதைச்சீங்க அண்ணே?”

மொக்கையன் கத்தியைக் கீழே வைக்கப் போனான். விரல்கள் பிரியவில்லை. வஹீது இரண்டு கையாலும் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

“உசிரோடதான் இருந்தான்” என்று மொக்கையன் அழுதான். “காயத்தோட காட்டுல போட்டுட்டு, கத்தியப் பிடுங்கிட்டு வந்துட்டேன். தாயி, அவனை என் கைய விடச் சொல்லு.”

ஒச்சாயி சொல்லவில்லை. படியிறங்கி நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல், கத்தியைப் பார்த்து, “வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்” என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

கத்தி பிடித்த கை முன்னால் நீண்டு இழுக்க, கால்கள் தரையில் தேய, பட்டப்பகலில் மொக்கையன் அவள் பின்னால் போனான்.