சிவந்த தாள்

“இந்தக் காலத்து ஆளுகளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்ற தைரியமே இல்லீங்க டாக்டரய்யா. சாகப்போறவன் மூஞ்சியப் பார்த்துட்டு, ‘ஒண்ணுமில்ல, போயி சோறுண்ணு’ன்னு அனுப்பிப்போடறாங்க. நீங்களும் அதையேதானுங்க சொல்றீங்க?”

ஆறுச்சாமி மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு கேட்டார். உட்காரச் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறி ஊறி நகமெல்லாம் தேய்ந்த கைகள்.

டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. “நோய் இல்லைன்னா இல்லைன்னுதானே பெரியவரே சொல்ல முடியும்? நாடி, நெஞ்சு, வயிறு எல்லாம் பார்த்தாச்சே.”

“நெஞ்சைப் பார்த்தீங்க. இதைப் பார்த்தீங்களா?”

சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டு ஒரு சின்னக் காகிதத் துண்டை எடுத்து வைத்தார். நொய்யல் கரையில் பனியன் துணி வெளுக்கிற பட்டறையில் இருபது வருஷமாக அவர் கையில் புழங்குகிற நீலத் தாள். இப்போது அது சிவந்திருந்தது.

“எதில நனைச்சீங்க?”

“என்ர மூத்தரத்துலதான். மூணு வாரமாத் தெனமும் விடியறப்ப நனைக்கறேன். தெனமும் செவப்பு.”

“சிவந்தா என்ன?”

ஆறுச்சாமிக்கு எரிச்சல் வந்தது. இதுகூடத் தெரியாதவன் எப்படி டாக்டரானான்?

“துணியை வெளுத்து, ஆசிட் தண்ணியில முக்கி, நாலு தடவை அலசுவமுங்க. கடைசித் தண்ணியில இந்தத் தாளைப் போட்டுப் பார்ப்பம். நீலமாவே நின்னாத் துணி சுத்தம், வண்டியேறும். செவந்துச்சுன்னா ஆசிட் உள்ள நிக்குதுன்னு அர்த்தம். அப்படியே காயப்போட்டா நாளாக நாளாக இத்துப்போயி, வெரலை வெச்சா ஓட்டை உழும். என்ர கொடலும் அப்படித்தான் இத்துட்டு இருக்குது. எத்தனை மாசம்னு மட்டும் சொல்லிப்போடுங்க, போதும்.”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?”

ஆறுச்சாமியின் குரல் இறங்கியது. “எங்களுக்குப் புள்ளகுட்டி கெடையாதுங்க. ஊட்டுல அவ ஒருத்திதான். நான் போயிட்டா நாதியத்துப் போயிருவா. பெருமாநல்லூர்ல அவ தம்பி ஆத்தப்பன் இருக்கறான். கண்ணு மூடறதுக்குள்ள அவளை அங்க சேர்த்துப்போடணும். நான் செத்துப்போவேன்னு பயந்துட்டு இப்பவே அவளுக்குச் சோறு எறங்கறதில்லீங்க.”

டாக்டர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பெரியவரே, சிறுநீர் துணி அலசின தண்ணி இல்ல. நல்லா இருக்கிற உடம்புல அது கொஞ்சம் புளிப்புப் பக்கம்தான் நிக்கும். நாளைக்கு விடியக்காலம் என்னோடதுல நனைச்சாலும் இந்தத் தாள் சிவக்கும். உங்களுக்கு ஒரு கேடும் இல்ல.”

“அப்ப நீலமாவே நின்னா?”

“ஒருநாள் ரெண்டு நாள்னா சாப்பாட்டால இருக்கும். நாள்தவறாம நீலமாவே நின்னாத்தான் எனக்குக் கவலை. உள்ள கிருமி சேர்ந்திருக்கும், கல்லுகூட இருக்கலாம். கவனிக்காம விட்டா ஆளையே கொண்டுபோயிரும்.”

ஆறுச்சாமி அவரையே வெறித்துப் பார்த்தார். பிறகு தாளை வெடுக்கென்று எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சுத்தமா இருக்கறவன் சாவான், இத்துப்போனவன் பொழைப்பான்கறீங்க. இருபது வருஷத்துல இந்தத் தாளு ஒருநாளும் எங்கிட்டப் பொய் சொன்னதில்லீங்க. மனுசங்கதான் சொல்லியிருக்கறாங்க. வர்றேனுங்க.”

“பெரியவரே, நில்லுங்க...”

அவர் நிற்கவில்லை.

வெளியே பெஞ்சில், உச்சி வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் மனைவி ராமாத்தாள் உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க, என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமில்லைங்கறான். ஒளிக்கறான். எந்திரி, நாளைக்கே உன்னையப் பெருமாநல்லூர்ல உட்டுப்போடறேன்.”

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். “வந்ததே வந்தோம்... எனக்கும் ஒருக்கா அவருகிட்டக் காட்டிப்போட்டு...”

“உனக்கென்ன புள்ள கேடு? நீ நூறு வருஷம் இருப்பே. கவலையை உடு, காய்ச்சல் தானா எறங்கிரும்.”

அவர் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார். மூன்று வாரத்துக்கு முன் இடுப்பு நோகிறது, குளிருகிறது என்று அவள் படுத்தபோது, அவளுக்காகத்தான் பட்டறையிலிருந்து முதன்முதலாகத் தாளைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து தினமும் அவளுடையதிலும் ஒன்றை நனைத்துப் பார்த்து நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்தார். இன்று காலையில் நனைத்தது, சட்டைப் பையில் அவருடைய சிவந்த தாளோடு ஒட்டிக்கொண்டு, துளியும் மாறாமல் நீலமாகவே இருந்தது.