நாலு வரிசைத் திராட்சை

"சர்ச் கட்டடத்தைப் பெருசாக்க நீங்க குடுத்த மனுவுக்கு, பக்கத்துத் தோட்டக்காரர் ஆட்சேபணை எழுதியிருக்காரு," என்றார் விசாரணைக்கு வந்த வருவாய் ஆய்வாளர்.

போதகர் ஜெபசிங், அந்தத் தோட்டக்காரர் முஜிபுர் ரஹ்மானைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே இடமில்லாத சபையார், ஞாயிறுதோறும் அவருடைய திராட்சைப் பந்தலுக்குள்தான் ஒதுங்குவார்கள். நேற்று அவர் சர்ச் சுவரோரம் நாலு வரிசைக் கொடிகளை வெட்டிச் சாய்த்தபோதே அவருக்குக் கோபம் என்று ஜெபசிங்குக்குப் புரிந்துவிட்டது.

"மன்னிச்சிருங்க பாய். இனி யாரும் வர மாட்டாக," என்றார், எதிரே நின்ற முஜிபுரிடம்.

"நல்லாருக்கே! கூடுதலா அம்பது பேருக்குத்தான் இடம் கேட்டிருக்கீக. எம் பந்தலுக்குள்ள மட்டும் நூத்திப்பத்துப் பேரு நிக்கிறாக. உள்ள பிரசங்கம் பண்ற உங்களுக்கு எங்க தெரியும்? இந்த அளவு பத்தாதுன்னுதான் எழுதுனேன்."

முஜிபுர், வெட்டிய கொடிகளைத் தாண்டிப் போய் நின்றார்.

"இங்கன வரைக்கும் கட்டுங்க பாஸ்டர்."