கறுத்த நகம்

ஃபுளோரிடாவில் வருமான வரி கிடையாது. ஹார்லன் குடியிருப்பதும் அங்கேதான். நியூயார்க்கில் இருக்கும் தம் வீட்டில் வருடத்தில் பாதிக்கு மேல் தங்கினால் மட்டும் அந்த மாநிலம் அவரிடம் வரி கேட்கும். அவரோ அந்த வீட்டைப் பூட்டி இரண்டு வருடமாகிறது.

“அப்புறம் எப்படி சார் மீட்டர்ல தினமும் தண்ணி ஓடியிருக்கு?” என்றாள், அந்த வீட்டைச் சோதிக்க வந்த நியூயார்க் வரி அதிகாரி மார்லா.

“எந்த நாய் வந்து குளிச்சுதோ, யாருக்குத் தெரியும்!”

ஹார்லன் கதவைத் திறந்ததும் ஊத்தை நாற்றம் அடித்தது. குளியலறையில் ஈரச் சோப்பின்மேல் வெட்டிய கால்நகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது.

“சீ, கருமம்!” என்று பின்வாங்கிய ஹார்லன் தம் காலைப் பார்த்தார். காலையில் விமானம் ஏறும்போதுகூடச் செருப்பு வாரில் சிக்கி வலித்த அவருடைய கறுத்த நகம், இப்போது ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.