சிரிப்பு ஷாட்

ஆஸ்பத்திரி சீரியலில் பன்னிரண்டு வருடமாக டாக்டருக்குப் பின்னால் ட்ரே ஏந்தி நின்ற நர்ஸ் எஸ்தருக்கு இன்றுதான் ஒரு முழு எபிசோடு. எஸ்தரின் முகம் தமயந்தியுடையது. முகத்தையும் குரலையும் சீரியல் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததிலிருந்து அவள் ஷூட்டிங் போவதில்லை; கம்ப்யூட்டரே அவளை நடிக்க வைத்துவிடுகிறது. எல்லாரையும் போல வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்கிறாள். கணவர் கோதண்டம் பஜ்ஜிகூட வாங்கி வந்திருந்தார்.

கடைசிக் காட்சியில் எஸ்தர் செத்துப்போனாள். மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை. தமயந்தி பதறிப்போய்க் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“பொணமா நடிச்சா, எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிச்சுட்டுத்தாம்மா வீட்டுக்குப் போவோம். இல்லேன்னா உசுருக்கு ஆகாது. நான் வந்து ஒரே ஒரு ஷாட் சிரிச்சுட்டுப் போயிடறேனே?”

“நீங்க எதுக்கு மேடம் அலையணும்? உங்க சிரிப்பு எங்ககிட்டயே இருக்கு,” என்றாள் கம்பெனிப் பெண்.

“அப்ப அதையாவது போடுங்கம்மா!”

“கதைக்குத் தேவைப்பட்டா போடுவோம் மேடம்.”

கோதண்டம் பஜ்ஜித் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தார். தமயந்தி டிவிக்கு முன்னால் போய் நின்று, பல் தெரியச் சிரித்தாள்.

உள்ளே கிடந்தவள் கண் திறக்கவில்லை.