கிராம்பு காத்த இறால்

மனித குலத்தின் வயிற்றுக்கு இன்று விடுதலை கிடைத்துவிட்டது. பேராசிரியர் அப்படித்தான் ஆரம்பித்தார். எதிரில் பேனாவுடன் இருந்த பெண் நிமிர்ந்தார்.

"அப்படி என்ன சார் கண்டுபிடிச்சீங்க?"

"கிராம்புச் சாறும்மா. இறால்ல இருக்கிற கெட்ட பாக்டீரியாவோட கொட்டத்தை அடக்கிடும்."

"நிரூபிச்சாச்சா?"

"நேத்து விருந்தே வெச்சேன். என்னை ஆராய்ச்சி நிலைய இயக்குநராக்கப்போற தேர்வுக்குழு மொத்தமும் வந்தாங்க."

"இறாலை ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தீங்களா?"

பேராசிரியர் சிரித்தார். "சாறுல ஊறின இறாலுக்கு ஃபிரிட்ஜ் எதுக்கு? காலையிலேர்ந்து மேசை மேலதான் இருந்தது. கண்டுபிடிச்சவனுக்கே நம்பிக்கை இல்லேன்னா எப்படி?"

"நீங்களும் சாப்பிட்டீங்களா?"

"ஆராய்ச்சி பண்றவன் நடுநிலையா இருக்கணும்மா. நான் ரொட்டியோட நிறுத்திக்கிட்டேன். அவங்க தட்டை வழிச்சுச் சாப்பிட்டாங்க. அதையும் எழுதிக்குங்க."

அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"பாக்டீரியா அடங்குச்சோ இல்லையோ, உங்க குழு அடங்கிடுச்சு. எல்லாருக்கும் குளுக்கோஸ் ஏறுது."

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார்.

"என் நியமன உத்தரவுல கையெழுத்துப் போடுற அளவுக்காவது தெம்பு இருக்கா டாக்டர்?"

"தலைவருக்கு இருக்கு. ஆனா உங்க பேரைக் கேட்டாலே வாந்தி எடுக்கிறார்."