இடப்பக்கத்து நாற்காலி

“வேணும்னு பண்றார்னு நெனைக்காதீங்கக்கா. நீங்க அங்க உட்காந்திருக்கறதே அவருக்குத் தெரியாம இருக்கலாம்.”

பயிற்சி கொடுக்க வந்த பெண், வண்டிக்காவின் கணவரைப் பற்றி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். வண்டிக்கா, மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

இரண்டு கண்ணிலும் இடது பாதியைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்த கண்ணாடி அது. பக்கவாதம் வந்தவர்களுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று அறக்கட்டளை ஊழியர்களுக்குக் காட்ட அந்தப் பெண் கொண்டுவந்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றிய வண்டிக்கா அலமாரியில் இடித்துக்கொண்டாள். இடது பக்கம் நின்ற டிரைவரை, ஆள் நிற்பதே தெரியாமல் தாண்டிப் போனாள். நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலியை இரவல் கொடுத்து, திருப்பி வாங்குவது அவள் வேலை. அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

“மேனேஜர் சார் இந்தக் கண்ணாடியை ரொம்ப நாளாப் போட்டிருக்கார் போல,” என்றான் டிரைவர். “லீவு கேக்கும்போதெல்லாம் நான் தப்பான பக்கம் நின்னுட்டேன்.”

மேனேஜர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கும்,” என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். “மூளைதான் அந்தப் பக்கத்தை விட்டுடும். கண்ணாடி சும்மா ஒரு மாதிரிக்கு. ஒரு கன்னத்தை மட்டும் சவரம் பண்ணிட்டு, முடிஞ்சுதுன்னு எழுந்து வருவாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து கூப்பிட்டா குரல்கூட சில பேருக்கு எட்டாது. எல்லாருக்கும் அப்படின்னு இல்ல. உங்க வீட்டுக்காரருக்கு எந்தப் பக்கம் விழுந்தது?”

“இடது.”

“நீங்க எந்தப் பக்கம் உட்காருவீங்க?”

“அதே பக்கம்தான்.”

விழுந்த கை அந்தப் பக்கம் இருக்கும்போது வேறெங்கே உட்காருவாள்? எண்ணெய் தடவ வேண்டும், விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவள் நாற்காலி அங்கேதான். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன கேட்டாலும் பதில் கிடையாது. மகள் போனில் வந்தால் மட்டும், நாக்குக் குழறினாலும் விடாமல் பேசுவார்.

முதலில் அழுதாள். பிறகு சண்டை போட்டாள். இப்போது எதுவும் தோன்றுவதில்லை. எண்ணெய் தடவும்போது, மரத்துப்போனது அவர் கையா தன் கையா என்று சில நாள் சந்தேகமே வந்துவிடும்.

மகளும் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். “அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்மா. மொகம் குடுக்காத மனுஷனோட நீ ஏன் கெடந்து அல்லாடணும்? அவரு சரின்னுட்டாரு. உன் வாயிலேர்ந்துதான் ஒண்ணும் வரல.” இன்று சாயங்காலம் சொல்லிவிடுகிறேன் என்று வண்டிக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். கூட்டிக்கொண்டு போ என்று சொல்வதாகக் காலையிலேயே முடிவும் செய்திருந்தாள்.

பஸ்ஸுக்கு நின்றபோது மகளை அழைத்தாள். “வேண்டாம்டி. அப்பா என்கூடவே இருக்கட்டும்.”

“என்னம்மா, திடீர்னு?”

“அவருக்கு நான் இருக்கறது தெரியலடி. அவ்வளவுதான். அது வியாதி.”

அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. மரத்த காலில் ரத்தம் திரும்பும்போது ஊசி குத்துமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் குத்தியது.

வீட்டில் அவர் வழக்கம்போல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சவரத்துக்கு மட்டும் யாரையும் கிட்டே விடமாட்டார். ஒற்றைக் கையாலேயே கன்னங்களை மழமழவென்று வழித்து, பவுடர்கூடப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டினாற்போல் ஒரு மேஜை கிடந்தது. வண்டிக்கா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மேஜையைப் பிடித்து இழுத்தாள். மருந்துப் பாட்டில்கள் உருண்டன. மேஜைக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. இடப்பக்கத்து நாற்காலியைத் தூக்கிவந்து, காலியான இடத்தில் அவர் முழங்காலில் தன் முழங்கால் இடிக்கும்படி போட்டு உட்கார்ந்தாள்.

“ஏங்க,” என்றாள். “நான்தாங்க.”

அவர் ஜன்னலிலிருந்து பார்வையைத் திருப்பினார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு கிடைத்த பார்வை. வார்த்தைகளைக் குழறாமல் கொண்டுவர அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“எப்பவும் போல நீ அந்தப் பக்கமே உட்காந்துக்கயேன்.”